தலைகீழாய்ப் பிடித்த காகிதம்

"அய்யோ... வவுறு!"

செல்லியின் அலறல் புதூர்நாட்டு மலையில் மோதித் திரும்பியது!

வாசலில் ஜீப் நின்றது. பரிசோதனைக்கூட ஏஜென்ட் பிரகாஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான்.

"யோவ் தீர்த்தகிரி! ஒம் பொண்டாட்டியோட மெழுகுக்கட்டி எங்க?"

அதில்தான் செல்லியின் உயிர்!

ஈரலில் வெட்டிய துணுக்கை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். இரண்டு ஜீன்கள் அறுந்து, தப்பாக ஒட்டிக்கொண்டதால் வந்த அபூர்வப் புற்று. அந்த ஒட்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி காட்டும் அடையாளமும் கட்டியில் தெரிந்தால் புது ஊசி இலவசம். அந்த ஊசிச் சோதனையில் மீதி இருப்பது ஒரே ஓர் ஆளுக்கான இடம்!

"இதுல ரேகை வையி. ஊசி வந்துடும்."

தீர்த்தகிரி காகிதத்தை வாங்கினான். தலைகீழாகப் பிடித்தான்.

பிரகாஷ் குலுங்கிச் சிரித்தான். போனில் யாரிடமோ சொன்னான்.

"சுத்த கைநாட்டு, மொதலாளி! பேப்பர தலைகீழா புடிக்கிறான்!"

கூலி வேலை முடிந்து வந்து, பாடம் படிக்கும் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் தீர்த்தகிரி. அவனுக்குத் தலைகீழாகத்தான் வேகமாக வரும்!

வாசித்தான்.

'எங்களுக்கு ஊசி வேண்டாம்.'

பின்னால், கட்டியில் ஒட்டத் தயாராக ஒரு சீட்டு... 'சக்திவேல், அரிசி மண்டி, ஆலங்காயம்.'

போனில் பேசிய அந்த மொதலாளி, குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்த பெரிய மனுஷன்! செல்லியின் கட்டியைத் தன்னுடையதாகக் காட்டி ஊசியைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறான்!

"நாளைக்கு வாங்க சார். அவளும் ரேகை வைக்கணுமே..."

மறுநாள் கட்டியைக் கொடுத்தான்.

"பேப்பரு?"

"ஆடு தின்னுடுச்சி, சார்."

"த்தூ! வேற பேப்பர்ல நானே வச்சிக்கறேன். எவன் ரேகையா இருந்தா இன்னா? ஒன்ன எவன் கேக்கப் போறான்!"

ஜீப் புழுதி கிளப்பிப் பறந்தது.

பன்னிரண்டாம் நாள்... தீர்த்தகிரியின் போன் அலறியது! பிரகாஷ்.

"டேய்! இன்னாடா குடுத்த? ஜீன் மொத்தமும் வெள்ளாட்டோடதாம்! லேபே சிரிக்குது!"

"ஆஸ்பத்திரில ரெண்டு கட்டி குடுத்தாங்க சார். ஒண்ண சுரண்டிட்டு, தேன்மெழுகுல ஆட்டு ஈரல வச்சி ஊத்தினேன். இன்னொண்ண நானே டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். செல்லிக்கு இன்னிக்கி மொத ஊசி!"

"அப்போ... அந்தப் பேப்பரு?"

"ஆடு தின்னல. டாக்டர்கிட்ட கீது. பக்கத்துல இன்ஸ்பெக்டரும் கீறாரு. ஒங்க ரேகைய கேக்கறாரு."

மறுமுனையில் அவசரமாக ஜீப் கிளம்பும் சத்தம்...

"ஒண்ணு மறந்துட்டேன் சார்... மொதலாளி பேர்ல ரிப்போர்ட்டு வந்துடுச்சில்ல? மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க!"