லீவு மேடம்

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க... இது என் ஆபீஸுக்கு வந்திருந்தா, முதல் பக்கத்தைப் பார்த்துட்டே ஓரமா வெச்சிருப்பேன்.”

நாத்தனார் இப்படிச் சொன்னபோது அவள் அடுப்படியில் மாமனாருக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கு ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கியிருந்தவள், லீவு முடிந்து இன்று மத்தியான ரயிலில் ஊருக்குத் திரும்ப வேண்டும். வந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அண்ணியின் பயோடேட்டாவை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணியான அவள் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஆஸ்பத்திரிகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ லீவில் போனால், அந்த இடத்துக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று கான்ட்ராக்ட்டில் போவாள். போனவர் திரும்பி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. ஆஸ்பத்திரிகளில் அவளுக்கு ‘லீவு மேடம்’ என்றே பெயர். இன்றைக்குத்தான் ஒரு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ.

“நாலு மாசம், ஏழு மாசம், மறுபடி நாலு மாசம்... எங்கேயும் நிலைச்சு நிக்காத ஆளுன்னுதான் நினைப்பாங்க. அதான் அண்ணன்கிட்ட சொல்லி வேற மாதிரி டைப் அடிக்கச் சொன்னேன்.”

கணவர் ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே ஒரு தாளை நீட்டினார். படிப்பு, கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே வரி. ‘குடும்பப் பொறுப்புகள் காரணமாக இடைவெளி.’

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கக் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றது, அழுகிற குழந்தைகளைக் கெஞ்சிக் கொஞ்சிப் படுக்க வைத்தது, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது... எல்லாம் இடைவெளியாம்!

“அப்போ இத்தனை வருஷமா நான் வீட்ல தூங்கிட்டா இருந்தேன்?”

“உன் நல்லதுக்குத்தானே பண்ணோம்...” என்று கணவர் இழுத்தார்.

அதற்குள் போன் அடித்தது. பகலில் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். ஜுரமாம், இன்று வர முடியாதாம். மாமனாருக்கு ஒரு கண்ணில் கட்டு. அடிக்கடி சொட்டு மருந்து விட வேண்டும். தனியே விட முடியாது.

போனை வைத்ததும் அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்தான். இன்று மட்டும் பொறுக்கவில்லை.

“இன்டர்வியூவை வேற நாளைக்கு மாத்திக் கேட்டுப் பாரேன்” என்றார் கணவர்.

“உங்களுக்கு எவ்வளவு லீவுங்க மிச்சம் இருக்கு?”

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்க.”

“இருக்கு, நிறைய. போன வருஷமே கொஞ்சம் எடுக்காம வீணாப் போச்சு.”

அவள் பால் டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

“மாமா இடுப்பு எலும்பை உடைச்சுக்கிட்டப்ப யார் வீட்ல இருந்தது? நான். நம்ம பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப? நான். ‘உன்னோடது கான்ட்ராக்ட்தானே, விட்டுட்டு வேற பார்த்துக்கலாம்’னு எப்பவும் ஒரே பாட்டு. லீவு இருக்கிறவங்க எல்லாம் ஆபீஸுக்குப் போனீங்க. லீவே இல்லாத நான் வேலையை விட்டேன். இப்போ என்னைப் பார்த்து நிலைச்சு நிக்காதவள்னு சொல்றீங்க. என்னை நிக்க விட்டீங்களா?”

“அண்ணி... நான் எப்போ உங்களை வேலையை விடச் சொன்னேன்?”

“உன் பிரசவம் ஞாபகம் இருக்கா? கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. அந்த மாசம்தான் ஒரு ஆஸ்பத்திரியில, உங்களை நிரந்தரம் பண்றோம், வந்து சேருங்கன்னு கூப்பிட்டாங்க. நான் இங்கே உனக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்தேன்.”

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. “நீங்க சொல்லவே இல்லையே...”

“சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருப்பியா?”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார்தான் பேசினார்.

“டேய், எனக்கு ஒரு கண்ணுலதான் கட்டு. இன்னொண்ணு நல்லாவே தெரியுது. ஷூவைக் கழட்டு.”

கணவர் கழற்றினார். ஆபீஸுக்குப் போன் செய்து, “அப்பாவைப் பார்த்துக்கணும், இன்னிக்கு வரலை” என்றார். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிடத்துக்கா பன்னிரண்டு வருடம் என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். “உட்காருங்க அண்ணி. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனி வேலையா எழுதியிருக்கீங்க, அதான் தாவித் தாவிப் போன மாதிரி தெரியுது. எல்லாம் ஒரே வேலைதானே. லீவுல போறவங்க இடத்துல வேலை பார்க்கிற எக்ஸ்ரே டெக்னீஷியன், பன்னிரண்டு வருஷ அனுபவம்னு ஒரே தலைப்பு போடுவோம். ஆஸ்பத்திரி பேரெல்லாம் அதுக்குக் கீழே. உங்களை மறுபடி கூப்பிட்ட இடம் ஏதாவது இருக்கா?”

“எல்லா இடத்துலயும்தான் கூப்பிட்டாங்க.”

நாத்தனாரின் விரல்கள் நின்றன. “எல்லா இடத்துலயுமா? அதை இதுல எங்கேயும் எழுதவே இல்லையே!”

“யாரும் கேக்கலையே.”

நாத்தனார் எழுந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க அண்ணி... நானும் கேக்கலை.” கோபம் முழுதாகத் தீரவில்லைதான். ஆனாலும் அந்த முதுகைத் தட்டிக்கொடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

இன்டர்வியூவில் எதிரே இருந்த பெண்மணி, நாத்தனார் அடித்துக் கொடுத்த தாளை நிதானமாகப் படித்தார். “சில இடத்துல நடுவுலேயே விட்டிருக்கீங்களே?”

“வீட்ல யாருக்காவது முடியாம போகும்ங்க. ஆஸ்பத்திரிக்கு மாற்று ஆள் நான் இருந்தேன். வீட்ல எனக்கு மாற்று ஆள் இல்லை.”

“இப்போ?”

“இன்னிக்குக் காலையிலதான் கிடைச்சாரு.”

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

சேர்ந்து சில மாதம் கழித்து அவள் முதல்முறையாக ஒரு நாள் லீவு கேட்டாள். “வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று மேலதிகாரி விசாரித்தார்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கணவர் காபி போட்டுக் கொண்டுபோனார். லீவு மேடம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.