அடங்காத சத்தம்

கடலிலிருந்து வர வேண்டிய சத்தம் தரையிலிருந்து வந்தது.

எல்ஸ்பெத் ரென்னி சக்கரத்தை மறுபடி திருப்பிப் பார்த்தாள். ஸ்காட்லாந்தின் வடமுனையில், பாறைக்கு மேல் தனியாக நின்ற அந்தப் பலகைக் குடிசையில் அவளுக்கு ஒரே வேலைதான். ஜெர்மன் நீர்மூழ்கி ஏதாவது தந்தியடித்தால், ஹெட்போனில் கேட்டபடி, கூரைமேல் இருக்கும் ஏரியலைச் சுழற்றும் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சத்தம் தேய்ந்து தேய்ந்து எங்கே அடங்குகிறதோ, அதுதான் அது இருக்கும் திசை. அதை ஊரிலிருக்கும் அதிகாரி டிரம்மண்டுக்கு டெலிபோனில் சொல்ல வேண்டும். இப்போது சத்தம் அடங்கிய பக்கம் கடலே இல்லை. செம்மறிகள் மேயும் மேடும், ஊருக்குப் போகும் மண்சாலையும்தான் இருந்தன.

அதைவிட மோசம், அடித்த கை. ஒவ்வொருவர் தந்திக்கும் ஒரு நடை உண்டு. இது கடைசித் தட்டை மட்டும் நீட்டி இழுக்கும், காலைத் தாங்கி நடப்பவனைப் போல. சமையலறை மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி அவளுக்கு மோர்ஸ் பழக்கிய அண்ணன் ருவாரியின் கை.

ருவாரி போன வாரம் கடலில் செத்துப்போனான்.

அவன் சரக்குக் கப்பலில் தந்தி அடிப்பவன். அந்தக் கப்பலின் வழியில் நீர்மூழ்கி காத்திருப்பதை முதலில் கேட்டவளே இவள்தான்.

"அண்ணன் கப்பல் அந்தப் பக்கமாத்தான் சார் வருது!" என்று அன்று டெலிபோனில் பதறினாள்.

"சொல்லிட்டேம்மா. கப்பலைத் திருப்பிட்டாங்க. நீ நிம்மதியா டீ குடி" என்றார் டிரம்மண்ட். ருவாரியோடு மீன் பிடிக்கப் போனவர். அவர்கள் வீட்டு மேசையில் ஆட்டுக்கறிச் சூப் குடித்தவர். அவள் நம்பினாள். மறுநாள் ருவாரியின் கை இதே ஹெட்போனில் 'உதவி, உதவி' என்று அடித்து, பாதி வார்த்தையில் நின்றது.

இன்று மதியம்தான் டிரம்மண்ட் குடிசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"கப்பலைத் திருப்பல, எல்ஸ்பெத். எல்லாக் கப்பலையும் திருப்பினா, நாம ஒட்டுக் கேக்குறது ஜெர்மன்காரனுக்குத் தெரிஞ்சுடும். ஒண்ண விட்டுடலாம்னு முடிவு பண்ணோம்."

"எங்கண்ணன் அதுல இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீதானே சொன்ன."

"அப்புறம் எதுக்கு டீ குடின்னீங்க?"

அவர் ஒரு சாக்லேட் கட்டியை மேசையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

குளிர்காலத்தில் அங்கே பிற்பகலே இருட்டிவிடும். காற்று பலகை இடுக்குகளில் ஊதியது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையையும் மீறி அழுகிய கடற்பாசி நாற்றம் எங்கிருந்தோ கசிந்து வந்து அவள் கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள, ஹெட்போனில் அந்தக் கை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது.

எங்கே. எங்கே. எங்கே.

சத்தம் அடங்கும் இடம் மெல்ல நகர்ந்தது. மனிதன் நடக்கும் வேகம். சாலையோடு. ஊரை நோக்கி.

டெலிபோன் மணி அடித்தது.

"எல்ஸ்பெத், இங்க எல்லா ரேடியோவும் கரகரங்குது. எதாவது கேக்குதா? எந்தப் பக்கம்?"

ஒரு சொல் போதும். ஓடுங்கள் என்றால் போதும்.

"கடல் பக்கம் சார். ரொம்பத் தூரம்." மூச்சு விட்டாள். "நீங்க நிம்மதியா டீ குடிங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பக்கம் கதவு தட்டும் ஓசை. கடைசித் தட்டு மட்டும் நீண்டு இழுத்தது.

"இரும்மா, யாரோ வந்திருக்காங்க."

நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள். பிறகு தண்ணீர், வாளி வாளியாகத் தரையில் கொட்டுவதுபோல். டிரம்மண்ட் கத்தவில்லை. விக்கினார். கொப்பளித்தார். நின்றது.

ஹெட்போனிலும் சத்தம் நின்றது.

ரிசீவரை மெல்லக் கீழே வைத்தாள். தான் செய்தது இன்னதென்று அப்போதுதான் உறைத்தது.

ஹெட்போனில் மறுபடி தட்டும் சத்தம். இது ருவாரி இல்லை. தந்தியே தெரியாத கைகள். ருவாரியோடு மூழ்கிய சமையல்காரன், கரி தள்ளுபவன், மாலுமி. தாறுமாறாக, எல்லோரும் சேர்ந்து.

சக்கரத்தைத் திருப்பினாள். அடங்கவில்லை. இன்னும் திருப்பினாள். முழு வட்டம்.

எந்தத் திசையிலும் அடங்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

தட்டுவது நிற்கவில்லை. சுவரில். கூரையில். கதவில்.

ஜன்னல் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு வெளுத்துப்போன உள்ளங்கை பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. கண்ணாடியில் இருட்டுத் தெரிய இடமில்லாமல் போகும்வரை.