இரண்டாகத் தெரிந்த எண்

காலை 7.40. ஓரமாக நின்றிருந்த சரக்கு லாரியின் பின்புறத்தில் ஆம்புலன்ஸ் மோதியது. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வண்டி. ஓட்டுநருக்கு அருகில் இருந்த செவிலியரின் உயிர் அங்கேயே போய்விட்டது. ஓட்டுநருக்கு நெற்றியில் ஒரு கீறல்தான். சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை.

9.15. ஆம்புலன்ஸ் பணிமனை. இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் முன்பே மேற்பார்வையாளர் ஆரம்பித்தார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மேடம். போன வாரம் கல் அடிச்சு முன்கண்ணாடி உடைஞ்சுது. மறுநாள் காலையிலேயே புதுசு மாட்டி அனுப்பிட்டேன். குறை டிரைவர் கண்ணுலதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரே சொன்னாரு. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம். கண் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னேன்."

10.30. மருத்துவமனை. ஓட்டுநரின் மனைவி வாசலிலேயே இன்ஸ்பெக்டரை மறித்து ஒரு சீட்டை நீட்டினாள். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்று கண் டாக்டர் எழுதியிருந்தார்.

"நல்ல சேதிதானே?"

"கண்ணுல இல்லன்னா மூளையிலதான் ஏதோ இருக்குன்னு பயந்துட்டாரு மேடம். நாலு நாளா தூக்கமே இல்ல. வேலை போயிடும்னு அதை வெளியில யார்கிட்டயும் சொல்லல."

உள்ளே ஓட்டுநர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டா தெரிஞ்சது எது?"

"நம்பர் மேடம். நம்ம வண்டியில வேகம் முன்கண்ணாடியிலேயே தெரியும். குனிய வேண்டாம், ரோட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டலாம். ஒரு வாரமா அந்த நம்பருக்கு மேல மங்கலா இன்னொரு நம்பர்."

"ரோட்டுக் கோடு?"

"ஒண்ணுதான்."

"லாரி?"

"அதுவும் ஒண்ணுதான்." "ஒரு கண்ணை மூடினா நம்பர் ஒண்ணாகுதான்னு பார்த்தேன். அப்பவும் ரெண்டு. உடம்பே சில்லிட்டுப் போச்சு. அதையே பார்த்துட்டு இருந்துட்டேன். பார்வையை எடுத்தா முன்னால லாரி."

12.05. பணிமனைக்கு இழுத்து வந்திருந்த நசுங்கிய ஆம்புலன்ஸ். முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கம் மட்டும் தப்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கண்ணாடியில் ஒரு பூஜ்யம் எழுந்தது. அதன் தலையில் இன்னொன்று, ஆவி போல. ஒரு கண்ணை மூடினார். இரண்டும் அப்படியே இருந்தன. ஒரு வாரம் இந்தப் பயத்தோடுதான் அந்த மனிதர் சைரன் போட்டு வண்டி ஓட்டியிருக்கிறார். இறங்கிப் போய்ப் பணிமனையில் நின்ற வேறொரு ஆம்புலன்ஸில் ஏறிப் பார்த்தார். அதில் ஒரே பூஜ்யம். பிறகு, வண்டியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டார்.

12.40. மேற்பார்வையாளரின் அறை.

"அந்த நர்ஸ் பொண்ணு சாவுக்குக் காரணம் நீங்கதான்."

மேற்பார்வையாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"கண்ணாடிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம்னு ரெண்டு முகம். கீழேயிருந்து வர்ற நம்பர் வெளிச்சம் ரெண்டுலயும் பட்டுத் திரும்பும். ரெண்டு பிம்பமும் ஒண்ணா விழணும்னா நடுவுல இருக்கற பிளாஸ்டிக் படலம் மேல தடியாவும் கீழ மெலிசாவும் இருக்கணும். அது தனிக் கண்ணாடி. வரவழைக்க மூணு வாரம் ஆகுமாம். உங்களுக்கு மட்டும் மறுநாளே எப்படிக் கிடைச்சுது?"

அவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"கண்ணுல கோளாறுன்னா லாரியும் ரெண்டா தெரிஞ்சிருக்கும். அவர் நம்பரை மட்டும்தான் சொன்னாரு. அதை 'எல்லாம்'னு மாத்தினது நீங்க."

"வண்டி மூணு வாரம் நிக்கும்னு மேலிடத்துல சொல்லப் பயம் மேடம். வெறும் நம்பர்தானேன்னு சாதாரணக் கண்ணாடியை மாட்டிட்டேன்."

"அவர் வந்து சொன்னதும் காரணம் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அவரைக் கண் டாக்டர்கிட்ட அனுப்புனீங்க."

அவர் தலை கவிழ்ந்தது.

"வேற எந்த வண்டியில மாட்டியிருக்கீங்க?"

"இன்னும் ஒண்ணுல. இப்ப நோயாளியோட வந்துட்டு இருக்கு."

இன்ஸ்பெக்டர் அந்த வண்டியின் ஓட்டுநரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். மேற்பார்வையாளர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது முறை ஒரு குரல் கேட்டது.

"நோயாளியை இப்பதான் உள்ள விட்டோம். யாருங்க?"

"போலீஸ். வண்டியை எடுக்காதீங்க. முன்கண்ணாடி தப்பு. அதுல நம்பர் ரெண்டா தெரியும்."

"கண்ணாடியா மேடம்?" என்றது குரல், உடைந்து. "நான் வீட்டுலகூடச் சொல்லல."