நீலப் பூச்சுக்குக் கீழே

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. ஏலக்கூடத்தின் வாசலில், ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் நிறுத்தி, தார்ப்பாய் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். வேலைக்கு வந்துகொண்டிருந்த அவள் ஓடிப்போய்க் குடையை நீட்டினாள்... பெட்டிக்கு.

"எனக்கில்லையா குடை?"

"நீங்க நனைஞ்சா காய்ஞ்சிடுவீங்க. பலகை நனைஞ்சா ஊறிப் போயிடும்."

அவன் சிரித்தான். நீர் கோத்த இமைகளுக்கு நடுவே, சிரிப்பு முதலில் கண்களுக்குத்தான் வந்தது... அவள் அவசரமாகப் பெட்டியைப் பார்த்தாள்.

அந்த ஏலக்கூடத்தில் விலை மதிப்பிடுபவள் அவள். காசு போட்டு விளையாடும் பழைய கேம் பெட்டிகள் அவள் பொறுப்பு. உள்ளே கொண்டுபோய்த் தார்ப்பாயை விலக்கியதும் அவள் முகம் மாறியது. இரண்டு பக்கப் பலகைகளிலும் பளபளவென்று புது நீலம்.

"யார் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்," என்றான் பெருமையாக. "புதுசு மாதிரி இல்ல?"

"அதான் தப்பு. கெடுத்துட்டீங்க."

இந்தப் பெட்டிகளின் விலை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தது. சிறுவயதில் ஒரு ஆட்டத்துக்கான சில்லறைக்கு ஏங்கியவர்கள் இப்போது சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்கு அன்று பார்த்த அதே படம், அதே கீறல், முன்புறம் புடைத்த அதே பழைய கண்ணாடித் திரை வேண்டும். புதுப் பூச்சு பூசினால் பாதி விலைகூடத் தேறாது. இந்த ஏற்றம் அவர்கள் தலைமுறையோடு நின்றுவிடலாம், வைத்திருந்து விற்கலாம் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். சொன்னது உண்மை. சொன்ன விதத்தில் கருணை இல்லை. பொருள் பதிய வரிசையில் நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள்.

அவன் பெட்டிமேல் தார்ப்பாயை மறுபடி கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு மழையிலேயே கிளம்பிவிட்டான்.

பதிவு மேசைப் பெண் சொல்லித்தான் மீதி தெரிந்தது. பெட்டி அவன் அக்காவுடையது. காலமான அத்தான் தன் கடையில் வைத்திருந்தது. அதை விற்றுத்தான் அக்கா தையல் கடை வைக்கவேண்டும்.

அவளுக்கு அன்று வேலை ஓடவில்லை. உண்மையைச் சொன்னது தப்பா... இல்லை. ஆனால் கல்லைக் கையில் கொடுப்பது வேறு, தலையில் போடுவது வேறு. கடவுள் முன்னால் கண்ணை மூடினாலும் அவன் முகம்தான் வந்தது.

விடுமுறை நாளில் பஞ்சும் பெயின்ட் கரைப்பானும் எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் இருந்த முகவரியைத் தேடிப்போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்கா உள்ளே அழைத்தாள். தம்பி நிமிரவில்லை.

"பலகை ஊறிடுச்சானு பாக்க வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். ஒரு மூலையைத் தேய்ச்சுப் பாக்கட்டுமா?"

பஞ்சை நனைத்து மெல்லத் தடவினாள். நீலம் கரைந்தது. அடியில், தொழிற்சாலையில் அச்சான கெட்டி மை அப்படியே இருந்தது... ஒரு சிவப்பு ராக்கெட்டின் வால், அதன்மேல் பழைய கீறல். அவன் தன்னை மறந்து அருகில் வந்து உட்கார்ந்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறையும் அதே வேலை. பெட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். முகம் தெரியாததால் பேச்சு தாராளமாக வந்தது. அத்தான் போனபின் அக்கா கண் முன்னால் ஒன்றாவது புதிதாக இருக்கட்டும் என்றுதான் பூசினேன் என்றான். அதன்பிறகு அவள் கை இன்னும் மெல்லத் தேய்த்தது...

"தேய்க்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அக்கா.

பெட்டி மறுபடி ஏலக்கூடத்துக்குப் போனது. ஆனால் விலை மதிப்பிட வந்தவர் வேறொருவர். தையல் கடைக்குத் தாராளமாகப் போதும் என்று அவர் சொன்னதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவளைத் தேடிப்போனான். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நீங்க வரல? வேலை முடிஞ்சதும் நாங்க யாரோவா?"

"மேனேஜர்கிட்ட சொல்லி நானே விலகிட்டேன்... நான் தேய்ச்சதையும் சொல்லிட்டேன்."

"அதுக்காகவா விலகினீங்க?"

அவள் விரல் நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஆபீஸ்ல ஒரு விதி. நமக்கு வேண்டியவங்க பொருளுக்கு நாம விலை போடக்கூடாது... வேண்டியவரானு மேனேஜர் கேட்டார். ஆமானுட்டேன்."

உள்ளே ஏலம் தொடங்கிவிட்டது. யாரோ விலை கேட்டார்கள், யாரோ ஏற்றினார்கள். அவன் அவளருகே படியில் உட்கார்ந்தான்.

"நீங்க எனக்கு வேண்டியவங்கனு நான் அக்காகிட்ட போன வாரமே சொல்லிட்டேன்..."