இரண்டு ரிங்

கொம்பையா கடைசியாகக் கொடுத்தது ஒரு ரிங். ஒரு ரிங் என்றால் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறிவிட்டான், மனைவி பூமாரி உலை வைக்கலாம். இரண்டு ரிங் என்றால் பென்னலூரில் இறங்கிவிட்டான், சோறு வடிக்கலாம். எடுத்தால் காசு போய்விடும் என்று இருவரும் எடுப்பதே இல்லை. அன்று அவள் உலை வைத்தாள். அடுத்த அழைப்பு வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே டிரெய்லர் லாரி அடித்துவிட்டது. போலீஸ்காரர் நொறுங்கிய போனையும் வலது கால் ஷூவையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். இன்னொரு ஷூ கிடைக்கவில்லை என்றார்.

காரியம் முடித்து ஊரிலிருந்து திரும்பிய மாலை, அந்த ஷூவைக் கதவோரம் வைத்து நிமிர்ந்தபோது அவள் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. திரையில் அவன் பெயர். அதற்குப் பிறகு ஷிப்ட் விடும் நேரமெல்லாம் அப்படித்தான். அவள் கையும் தானாக எழுந்து, இரண்டு பேருக்கு அரிசி போட்டது.

அவன் நம்பரை நிறுத்தச் சொல்லி அவள் கூப்பிட்ட சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் பேசியவர்கள் எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே தேன். இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு, 'மதிப்பிற்குரிய கொம்பையா அவர்களே, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிய கம்பெனி அது.

அன்றும் ஒரு ரிங் வந்தது. உலையை ஏற்றிவிட்டு அவள் கஸ்டமர் கேருக்குப் போட்டாள். வெளியே வீட்டுக்கார லூர்தம்மாள் குடையை விரித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பூமாரி, மறுபடியும் அந்த வெண்ண வாயனா? அவன் உன்னிய பாட்டு கேக்க வெச்சே சாவடிப்பான். நான் கோயிலுக்குப் போறேன், கேட்ட சாத்திக்கினு போறேன்."

கேட்டின் கொண்டி விழுந்தது.

"வணக்கம் மேடம், நான் ரகுபதி. உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"எங்க வீட்டுக்காரவிய நம்பர நிப்பாட்டணும் சார். அவிய இறந்துட்டாவ."

"தகவலுக்கு நன்றி மேடம். சிம் சார் பேர்ல இருக்கு. சார் லைன்ல வந்து சொன்னாதான் நிறுத்த முடியும்."

"செத்தவிய வந்து சொல்லணுமாக்கும்?"

"ரூல்ஸ் அப்படித்தான் மேடம்."

"அப்ப சுடுகாட்டுலயும் டவர் வச்சிருப்பிய. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க."

"கண்டிப்பா மேடம். லைன்லயே இருங்க."

அந்தப் பணிவைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவனைக் கூப்பிடச் சொன்னாலும் கண்டிப்பா என்கிறவனுக்கு எந்த முட்டாள் சம்பளம் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, காதுக்குள் கம்பி இழுப்பதுபோல் ஓடிய வயலின் இசையையும், டியூப்லைட்டின் ரீங்காரத்தையும், தகரக் கூரையில் தூறலையும், அடுப்பில் உலை முனகுவதையும் கேட்டபடி நின்றாள். அப்போதுதான் அந்த வாடை. மெஷின் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. கொம்பையாவின் சட்டைகளை எல்லாம் ஊரிலேயே எரித்தாயிற்று. ஆனால் கதவிடுக்கில் வாடை வந்தது, மழை ஈரத்தோடு, புதிதாக.

இசை நின்றது.

"காத்திருந்ததற்கு நன்றி மேடம். சார்கிட்ட பேசிட்டேன்."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா பேரு, பொறந்த தேதி, எல்லாம் சரியா சொன்னார். நம்பரை இப்ப நிறுத்த வேணாமாம் மேடம். ஒரு மிஸ்டு கால் பாக்கி இருக்காம்."

"யாரு... யாரு சொன்னா?"

"சார்தான் மேடம். லைன்ல ஒரே மழை சத்தம். பக்கத்துலதான் இருக்கார் போல, உங்க டவர்தான் காட்டுது. வேறு ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

லைன் அறுந்தது. டியூப்லைட் ஒருமுறை இமைத்தது.

போனை மேசையில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினாள். சுவர் முதுகில் இடித்தது.

போன் அடித்தது.

ஒன்று.

நின்றுவிடு. நின்றுவிடு.

இரண்டு.

நின்றது.

கேட்டின் கொண்டி தூக்கப்படும் சத்தம். சிமென்ட் நடையில் ஒரு காலடி, ஷூவோடு, கனமாக. அடுத்தது வெறுங்கால், ஈரமாக. ஷூ. வெறுங்கால். ஷூ.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

உள்ளே, கதவோரம், வலது கால் ஷூ வாசலைப் பார்த்துக் கிடந்தது.

அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. இரண்டு ரிங் வந்தால் வடிக்க வேண்டும்.