கை மாற்றும் நேரம்

தேய்ந்து போயிருக்க வேண்டிய சத்தம் தேயாமல் நின்றது.

அவர் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். காய்ந்த எண்ணெய்ச் சட்டியின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய விசில் ஒன்று, விட்டு விட்டு, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அது வடக்குப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். சத்தம் அனுப்புகிற செயற்கைக்கோள் அப்படி நிற்காது. வானத்தின் ஒரு மூலையில் எழுந்து மறு மூலையில் இறங்கிவிடும். கட்டிப்போட்ட ஆன்டெனாவின் எதிரே அது கடக்கிற கொஞ்ச நேரம்தான் சத்தம் கேட்கும், பிறகு மங்கி இரைச்சலில் கரைந்துவிடும். இந்த ஒரு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

இன்றைக்கு மங்கவில்லை. யாரோ ஆன்டெனாவைக் கையில் பிடித்து, அது போகிற போக்கிலேயே திருப்பிக்கொண்டு வருவதுபோல முழுசாகக் கேட்டது. நடுவில் ஒரே ஒரு தரம் சட்டென்று தாழ்ந்து, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மறுபடி நிமிர்ந்தது.

அந்தத் தாழ்வு அவருக்குத் தெரியும். அது அவள் கை மாற்றும் நேரம்.

வேலையில் இருந்தவரை அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர் வீட்டு மாடிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியது போக, மிச்ச நேரம் முழுக்கத் தன் வீட்டு மாடியும் ரேடியோவுமாகவே கழித்த மனுஷர். கைவிடப்பட்ட செயற்கைக்கோள்களின் சத்தத்தைத் தேடிப்பிடித்துக் கேட்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்ட அவர் மனைவி பள்ளிக்கூட டைப்பிஸ்ட். ஆள் அவருடைய தோள் உயரம்கூட இல்லை, ஆனாலும் அவளை "என் டவர்" என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலமானால் மாடியில் நின்று ஆன்டெனாவைத் தூக்கிப் பிடிப்பது அவள் வேலை, நேர் கீழே இருக்கிற அறையில் உட்கார்ந்து கேட்பது அவர் வேலை. கத்திக் கத்திப் பேசியதில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட, பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றை எடுத்து விட்டத்தில் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால், அப்படியே பிடி. இரண்டு தட்டு என்றால், போதும், இறங்கி வா.

வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றிக்கொள்வாள், அப்போது சத்தம் ஒரு நொடி தாழும். எல்லாம் முடிந்து இறங்கி வந்து, வாசல்படியில் நின்று கையை உதறிக்கொண்டே கேட்பாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்."

"நீங்க தட்டற வரைக்கும் நான் என்னைக்காவது எறங்கியிருக்கேனா? அப்புறம் என்ன பேச்சு?"

இருவருக்கும் ரொம்பப் பிடித்தது ஒரு கிழட்டுச் செயற்கைக்கோள். அனுப்பியவர்களே அது செத்துவிட்டது என்று கைகழுவி எத்தனையோ காலமாகிவிட்டது. பேட்டரி போய்விட்டது. ஆனால் வெயில் பட்டால் தகடுகளில் கரண்ட் ஊறி எழுந்துகொள்ளும், கேட்க ஆளில்லாத வானத்தில் பழைய சத்தத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். பூமியின் நிழல் விழுந்ததும் பாதியிலேயே அடங்கும். திரும்ப வெயில், திரும்ப சத்தம். "பாவம், போதும்னு அதுக்கு யாருமே சொல்லலையே" என்பாள் அவள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் என்றுமில்லாத தெளிவோடு வந்தது. அவர் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கை மாற்றும் தாழ்வு வந்தது. ஒரு தட்டு தட்டினார். சீக்கிரமே இன்னொரு தாழ்வு, இன்னொரு தட்டு. அப்புறமும் ஒன்று. அப்படியே பிடி, அப்படியே பிடி. பிறகு சத்தம் ஒரேயடியாகப் போயிற்று. நிழலுக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பதிவானதைத் திரும்பப் போட்டுக் கேட்க உட்கார்ந்தவர், இரண்டு தட்டு தட்டவே மறந்துபோனார். இருட்டிய பிறகுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தார். அவள் விழுந்து கிடந்தாள், ஆன்டெனாவை விடாமல்.

"மாரடைப்பு. இடது கையிலதான் முதல்ல வலி வந்திருக்கும்" என்றார் டாக்டர். அவர் தலையை ஆட்டினார். எத்தனை தட்டு தட்டினார் என்பதைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷமாக அது தொண்டையில் முள்ளாக நின்றது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்றைக்குச் சத்தம் அடங்கியதும், பதிவை ஒரு ரேடியோ நண்பருக்கு அனுப்பிவிட்டு, அவர் மாடிக்கு ஏறிப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கட்டிய கம்பி கட்டியபடியே இருந்தது. ஆன்டெனாவின் குச்சிகளில் ஒட்டடை, அதன்மேல் தூசி. கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை. சின்னக் கை ஒன்று பற்றுகிற அகலத்துக்குப் பளிச்சென்று துடைத்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

கீழே போன் அடித்தது. வாட்ச் கடைக்காரர், அவரைப் போலவே இன்னொரு ரேடியோ பைத்தியம்.

"என்னய்யா, முழுசும் கேட்டேன்னு பதிவை அனுப்பியிருக்கே. கட்டிப்போட்ட ஆன்டெனாவுல எப்படி வரும்? யாரு திருப்பினா?"

"யாருமில்ல."

"சும்மா சொல்லாதய்யா. நடுவுல கை மாத்தறது அப்படியே தெரியுது." அப்புறம் வாட்ச் கடைக்காரருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "சரி, வெச்சுடறேன்" என்றார்.

அடுத்துக் கூப்பிட்டது மகள். வீட்டை விற்றாகிவிட்டது. மறுநாள் இருட்டுவதற்குள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போகப் போகிறாள். "மாடியில இருக்கற கம்பியெல்லாம் அப்படியே விட்டுடுங்கப்பா. வாங்கினவங்க பிரிச்சுப் போட்டுக்குவாங்க."

அன்று இரவு அவர் தூங்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் மாடியில் நிற்கிறவளுக்கு யார் தட்டுவார்கள்? தட்டிவிட்டால் அவள் போய்விடுவாள், அதற்கப்புறம் அந்தக் கை மாற்றும் தாழ்வையும் கேட்க முடியாது. இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுத் தட்டலாம் என்று மனசு பேரம் பேசியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் சாயங்காலம் வீடு காலியாகக் கிடந்தது. மகள் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ரேடியோவையும் நாற்காலியையும் மட்டும் அவர் கட்டாமல் வைத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பழுத்த வெயில் தரையில் நீண்டு விழுந்தது, எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம், சூடேறிய ரேடியோவின் தூசி வாசனை, அதோடு எங்கிருந்து வந்ததென்று தெரியாத டைப்ரைட்டர் ரிப்பன் மை வாசனை. மடியில் திரைச்சீலைக் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசில் எழுந்தது. முதல் மூச்சிலிருந்தே தெளிவாக.

தலைக்கு மேல், மாடித் தரையில் கால் ஒன்று நகர்ந்து பதிந்தது. நல்ல வாகாக நிற்க இடம் தேடுகிறவளின் கால்.

சத்தம் தாழ்ந்து நிமிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தாழ்ந்தது, இந்தத் தடவை நிமிர நேரம் எடுத்தது. மறுபடி. மறுபடி. வலிக்கிறது அவளுக்கு. போன வருஷம் வலித்தபடியே வலிக்கிறது. ஒவ்வொரு நாளும் வெயில் சாய்கிறபோதெல்லாம் வலித்திருக்கும்.

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்று விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

எழுந்து நின்றார். கம்பியைத் தூக்கினார்.

ஒன்று.

இரண்டு.

விசில் நின்றது. இரைச்சலும் நின்றது. ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அப்படியே நாற்காலியில் சரிந்து, ஒரு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதார். முள் இறங்கியதுபோல இருந்தது. போய்விட்டாள். ஒருவழியாகப் போய்விட்டாள்.

மாடிக் கதவின் தாழ்ப்பாள் விலகியது.

அவர் அழுகை அடங்கியது.

படியில் செருப்புச் சத்தம். மெதுவாக. ஒரு படி. நின்று, இன்னொரு படி. இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போதும் மட்டும் இல்லை. போதும், இறங்கி வா.

வெயில் போய்விட்டிருந்தது. அவர் விளக்கைப் போடவில்லை. கை கம்பியை விடவில்லை.

அறை வாசலில் அவள் நின்றாள்.

வலது கை தோளுக்கு மேல் நீண்டிருந்தது. அங்கே இல்லாத ஒரு கைப்பிடியை விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. அவரை அவள் பார்க்கவில்லை. அறையின் மேற்குச் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்த எதையோ பார்த்தாள். கை அதோடு கூடவே இறங்கியது. சுவரின் பாதி. சுவரின் அடி. பிறகு தரை. கொஞ்சமும் பிசகாமல், முப்பது வருஷப் பழக்கத்தோடு, பூமிக்கு அடியில் போகிற அதைக் கை தொடர்ந்தது.

அவர் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோன் முணுமுணுத்தது. விசில். தெளிவாக.

"போதுமா?" என்றாள் அவள். களைத்த குரல்.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தார். போதும். போதும். காற்றுதான் வந்தது. விரல்கள் தளர்ந்தன. கம்பி நழுவித் தரையில் விழுந்தது.

ஒரே ஒரு தட்டு.

இறங்கிக்கொண்டிருந்த கை அங்கேயே நின்றது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். வலியில் உதட்டைக் கடித்தபடி, இருட்டில் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஹெட்ஃபோனில் சத்தம் ஒரு மூச்சுத் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது.