கறுப்புத் திரைக்குப் பின்

அர்தா நதியின் மேற்கே கதிரவன் சாய்ந்து, வல்செரா நகரத்துக் கோட்டை மதிலின் நிழல் பாதி ஆறுவரை நீண்டு கிடந்த அந்தி வேளையில், அந்நகரை மூன்று மாதங்களாக முற்றுகையிட்டிருந்த தளபதி பல்தசார், மதிலுக்கு வெளியே இருந்த மாதா கோயிலை நோக்கித் தனியனாய் நடந்தான். விடிந்ததும் நகருக்குத் தீ வைக்க ஆணையிட்டிருந்தான். ஆனால் வாசகர்களே, கோயில் சுவரை ஒட்டிய சிற்றறையில் அடைந்து தவமிருந்த துறவி அம்மையாரின் ஆசியில்லாமல் வாளைத் தொட மாட்டோம் என்று அவனுடைய வீரர்கள் ஒரே பிடியாய் நின்றுவிட்டார்கள். அந்த அம்மையார் தாம் கண்ட தெய்வக் காட்சிகளைச் சொன்னால் அரசர்களே கைகட்டிக் கேட்ட காலம் அது.

சாளரத்தில் கறுப்புத் திரை தொங்கியது. அவர் முகத்தை எவரும் பார்க்கலாகாது.

"அம்மையாரே, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு நிச்சயித்திருந்த ஒர்சோலாவை இந்நகரத்தார் கொன்றார்கள். பழிதீர்க்க ஆசி தாருங்கள்."

திரைக்குப் பின்னிருந்து அம்மையார் கேட்டார்: "கொன்றதைக் கண்டவர் யார், பிரபு?"

"என் மெய்க்காவலன். முந்தின நாள்வரை நலமாயிருந்தவளை இந்நகரத்தார் பாடையில் கிடத்தி, மரித்தோர் பூசை பாடி, மண் தூவியதைக் கண்டான்."

"கல்லறைவரை போனாரா?"

"இல்லை. பதறி என்னிடம் ஓடிவந்தான்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இவ்வறைக்குள் நுழைபவர் உலகுக்கு இறந்தவர், பிரபு. ஆகையால் உயிரோடு இருக்கும்போதே பாடையில் கிடத்திப் பூசை பாடி, மண் தூவி, உள்ளே விட்டு, வாசலைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். இங்கே அதுதான் முறை. அன்று பாடையில் கிடந்தவள் நான்தான், பல்தசார்."

அவன் வாளின் பிடியைப் பற்றினான். "உன்னை அடைத்தவன் யார், ஒர்சோலா? சொல், இச்சுவரை இப்போதே இடிக்கிறேன்."

"யாரும் அடைக்கவில்லை. ஆண்டவர் அழைத்தார், நானே கேட்டு வந்தேன். உமக்கு எழுதிய மடல் சேரவில்லை போலும்."

அவள் இறந்தாள் என்பதைத் தாங்கியவனால், அவள் தானாகவே போனாள் என்பதைத் தாங்க முடியவில்லை. சுவரில் நெற்றியை வைத்துத் தேம்பி அழுதான்.

"இந்த மூன்று மாதங்களில் மாண்டவர்கள் யாருக்காக மாண்டார்கள், பிரபு?" உள்ளிருந்து வந்த குரலும் உடைந்திருந்தது.

அவன் வாளை உருவிச் சாளரத்தின் கீழே வைத்தான்.

"விடியுமுன் முற்றுகை நீங்கும். இனி இந்நகர்மீது ஆயுதம் எடுப்பதில்லை; இது சத்தியம்" என்றவன், தன் மனைவியாக வரவிருந்தவளைப் பார்க்க முடியாமலே மண்டியிட்டு, "எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள், தாயே" என்றான்.